300 எவர்சில்வர் சாமான்களைத் தொங்கவிடுவது எப்படி? (கோத்தகிரி, மே மாதக் காட்சி)

மூடுபனி:

எல்லாருக்கும் வணக்கம். மே மாதம் காய்கறிக் கண்காட்சி நடக்கும் வாரத்தை ஒட்டி, கோத்தகிரியில் ஒரு பழைய கூடத்தில் பத்து நாள் கலைக்காட்சி வைக்கிறோம். வீடுகளில் புழங்கிய எவர்சில்வர் சாமான்தான் பொருள்: 240 டம்ளர், 60 சம்புட மூடி. அக்கம்பக்கத்து ஊர்களில் இரவலாக வாங்குகிறோம், முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். பாதிக்கு மேல் பேர் வெட்டிய சாமான்.

கூடம் 30 அடிக்கு 18 அடி. தகரக் கூரை, 12 அடி உயரத்தில் மர விட்டங்கள். 8 அடிக்கு 6 அடி சட்டம் ஒன்று அடித்து, 9 அடி உயரத்தில் மேகம் மாதிரி தொங்கவிடுவது திட்டம்.

சோதனைக்காகப் புது டம்ளர் இருபதில் அடிப்பக்கம் 3 மி.மீ. துளை போட்டுத் தூண்டில் நரம்பில் கட்டினோம். காலைக்குள் ஆறு விழுந்துவிட்டது. மீதி பம்பரமாகச் சுற்றுகிறது. மிஸ்ட் இறங்கிய நேரத்தில் கதவைத் திறந்தால் எல்லாவற்றிலும் நீர் கோத்துச் சொட்டுகிறது. இருபது துளைக்குள் நாலு டிரில் பிட் மழுங்கியது தனிக்கதை.

எதில் கட்டுவது? துளை போடாமல் வழி உண்டா? ஈரத்துக்கு என்ன செய்வது? 'பாத்திரக்கடை வாசல் மாதிரி ஆகிவிடுமே' என்று குழுவிலேயே ஒரு பேச்சு இருக்கிறது, அதற்கும் பதில் தெரிந்தால் சொல்லுங்கள். இன்னொரு மூலையில் பழைய கண்ணாடி தெர்மாமீட்டர் நாற்பதை வரிசையாக மாட்டும் யோசனையும் உண்டு.

வெல்டிங் பொறி:

முதலில் அறுந்த நரம்பின் நுனியைப் பாருங்கள். பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தால் துளையின் பிசிறு அறுத்தது. 80 கிராம் டம்ளரை நரம்பு தாங்காமல் போகாது, 0.5 மி.மீ. நரம்பே பத்து கிலோவுக்கு மேல் தாங்கும். குற்றம் முடிச்சிலும் விளிம்பிலும்தான். நைலான் ஈரத்தில் நீளும், இளகும், அதனால் சாதாரண முடிச்சு இரவில் மெல்ல நழுவுகிறது. நரம்பையேதான் பயன்படுத்துவோம் என்றால், வளையத்துக்குள் விட்ட நுனியை மூல நரம்பின்மேல் ஆறு சுற்றுச் சுற்றி, முதல் கண்ணிக்குள் நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். காய்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலம் குறையும்.

என் கணக்கில் நரம்பே வேண்டாம். மீன்பிடிச் சாமான் கடையில் நைலான் உறை போட்ட முறுக்குக் கம்பி கிடைக்கும், 0.6 மி.மீ. போதும். நுனியில் அலுமினியக் குழலைப் போட்டு நசுக்கி மூடுவது. ஒரு குழலை இரண்டு இடத்தில் நசுக்க வேண்டும். ஒரே இடத்தில் நசுக்கினால் உறை மட்டும் நின்று கம்பி வழுக்கி வந்துவிடும். மாதிரிக்கு ஐந்து கம்பியில் 2 கிலோ எடைக்கல்லை ஒரு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள்.

இரவல் சாமானில் துளை போடுவதை மறந்துவிடுங்கள். அதற்கு மாற்றாக மூன்று கால் கூண்டு. 1 மி.மீ. எவர்சில்வர் கம்பியில் 25 செ.மீ. துண்டு மூன்று. ஒவ்வொன்றின் ஒரு நுனியைத் தூண்டில் முள் மாதிரி 8 மி.மீ.க்கு வளைத்து, வளைவில் சைக்கிள் வால் டியூப் (மெல்லிய ரப்பர் குழாய்) ஒரு துண்டு போடுங்கள், கீறல் விழாது. டம்ளரைக் கவிழ்த்து, மூன்று முள்ளையும் வாயின் விளிம்பில் சம இடைவெளியில் மாட்டி, கம்பிகளைப் பக்கவாட்டில் மேலே கொண்டுபோய், அடிப்பாகத்துக்கு 3 செ.மீ. மேலே சேர்த்து முறுக்க வேண்டும். டம்ளர் கீழிருந்து மேலே குறுகிப் போவதால் கம்பி உள்ளே இழுக்கும், முள் நழுவாது. 240 டம்ளருக்கு 180 மீட்டர் கம்பி, ஒன்றேகால் கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். கை பழகினால் ஒருவர் மணிக்குப் பதினைந்து கட்டலாம்.

விளிம்புக்குக் கீழே வளையம் போட்டு வாய் மேலே பார்க்கத் தொங்கவிடுவது இதைவிடச் சுலபம்தான். ஆனால் தகரக் கூரையில் மே மாதக் கோடை மழை சொட்ட ஆரம்பித்தால் ஒவ்வொரு டம்ளரும் 200 மில்லி பிடிக்கும். 240 டம்ளருக்கு 48 கிலோ தண்ணீர்! சாய்த்து மாட்டினால் போதும் என்று நினைப்பார்கள். 30, 35 டிகிரி சாய்த்தாலும் முக்கால் டம்ளர் உள்ளே நிற்கும். கவிழ்ப்பதுதான் சரி.

சுற்றுவதற்குக் காரணம் ஒற்றைக் கம்பி. கூண்டின் முறுக்கிய உச்சியில் இரண்டு அங்குலக் குறுக்குக் கம்பி ஒன்றைத் தராசுத் தண்டு மாதிரிக் கட்டி, இரண்டு நுனியிலிருந்தும் இரண்டு கம்பி மேலே போனால் திரும்பாது. சட்டத்தில் போடும் வெல்டு மெஷ்ஷில் (கம்பி வலையில்) கண் இடைவெளி 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலம்தான். பக்கத்துப் பக்கத்துக் கண்ணில் நேராக மாட்டிவிடலாம். எல்லாவற்றுக்கும் இதைச் செய்தால் வேலை இரட்டிப்பாகும். பேர் வெட்டியதற்கு மட்டும் செய்யுங்கள். மற்றது கொஞ்சம் ஆடட்டும். மூடியில் குமிழ் இருந்தால் அதில் கட்டு, இல்லையென்றால் அதே மூன்று முள்.

கேத்தி ஸ்டேஷன்:

தொழில் விவரமெல்லாம் சரி. பாத்திரக்கடையிலும் டம்ளர், குடம், தூக்கு எல்லாம் கொத்துக் கொத்தாகத்தான் தொங்குகிறது. கூடலூர்ப் பக்கம் உண்ணிச்செடிக் குச்சியில் யானை செய்கிறார்கள், அதில் கைவேலை கண்ணுக்குத் தெரிகிறது. இதில் எது கலை?

வெள்ளைச் சுவர்:

கேத்திக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. 1914-ல் மார்செல் துஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் பாரிஸில் ஒரு பெரிய கடையில், கழுவிய பாட்டிலைக் கவிழ்த்துக் காயவைக்கும் இரும்புத் தாங்கியை வாங்கிவந்து தன் பட்டறையில் வைத்தார். அவர் நியூயார்க் போயிருந்தபோது, இடத்தைக் காலி செய்த தங்கை அதைக் குப்பையோடு தூக்கிப் போட்டுவிட்டார். 1917-ல் நியூயார்க்கில் அவர் 'ஆர். மட்' என்று கையெழுத்திட்டு அனுப்பிய சிறுநீர்க் கோப்பையைக் காட்சி நடத்தியவர்கள் வைக்கவில்லை. அந்த அசலும் தொலைந்துபோனது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பின்னால் செய்த நகல்கள், பெரும்பாலும் 1964-ல் செய்தவை. பொருளைக் கையால் செய்வதை விட்டுவிட்டு, தேர்ந்தெடுப்பதையே வேலையாக அவர் வைத்தார். அதனால் 'இதில் கைவேலை எங்கே' என்று கேட்டால் விடை வராது. 'ஏன் இந்தப் பொருள், ஏன் இப்படி வைத்தது' என்று கேட்க வேண்டும். அதற்கு உங்களிடம் விடை இல்லாவிட்டால் அது பாத்திரக்கடைதான்.

எவர்சில்வர் என்றாலே, பாத்திரங்களால் சிற்பம் செய்யும் சுபோத் குப்தா ஞாபகம் வரும். பாட்னா பக்கத்துக் ககௌலில் 1964-ல் பிறந்தவர். 2006-ல் பாத்திரங்களால் பிரம்மாண்டமான மண்டையோடு, 2008-ல் அணுகுண்டுப் புகைக் காளான். இரண்டாவது இப்போது டெல்லி கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் எடுத்தது பெரும்பாலும் பளபளக்கும் சாமான், எண்ணிக்கையின் பலம். தூரத்தில் நின்று பார்த்தால் உருவம், கிட்டே போனால் கரண்டியும் சட்டியும். நீங்கள் 300 டம்ளரை மேகமாக்கினால் அதன் சின்ன நகலாகத்தான் நிற்கும்.

உங்கள் கையில் இருப்பது வேறு, நீங்களே சொல்லிவிட்டீர்கள்: பேர் வெட்டிய சாமான். கல்யாணச் சீரில் வந்தது, புதுமனைப் புகுவிழாவுக்கு வைத்தது, 'நினைவாக' என்று தேதியோடு கொடுத்தது. டம்ளர் என்பது ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வரும் பொருள். அதை ஒரு வீட்டுக்கு உரியதாக்குவது அந்தப் புள்ளி எழுத்துதான். அந்த எழுத்தைப் படிக்க வைத்தால் காட்சி நிற்கும், 9 அடி உயரத்தில் மாட்டினால் ஒருவர்கூடப் படிக்க முடியாது.

ஆகவே இறக்குங்கள். கார்னீலியா பார்க்கர் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1988-89-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிச் சாமான்களை ஸ்டீம் ரோலர் ஏற்றி நசுக்கி, முப்பது தொகுதிகளாகப் பிரித்து, தரைக்குச் சற்று மேலே செம்புக் கம்பியில் மிதக்கவிட்டார். பார்ப்பவர் குனிய வேண்டும், அதனால்தான் கிட்டே போகிறார். உங்களுக்கு 4 அடியிலிருந்து 5½ அடிக்குள் வையுங்கள், நெஞ்சுக்கும் கண்ணுக்கும் இடையில். விழுந்தாலும் தலையில் விழாது.

8-க்கு 6 அடிச் சட்டமும் வேண்டாம், நடுவில் இருப்பதை யாரும் எட்டிப் படிக்க முடியாது. 8-க்கு 2 அடியில் மூன்று சட்டம் செய்து நீளவாக்கில் சேர்த்தால் 24 அடி நாடா. ஐந்து அங்குல இடைவெளியில் குறுக்கே 5, நீளத்தில் 20, சட்டத்துக்கு 100. மூன்றுக்கும் 300 சரியாக வந்துவிடும். இரண்டு பக்கமும் நடந்து படிக்கலாம். வெளி வரிசைகளில் பேர் உள்ளதை மாட்டுங்கள், பேர் இல்லாதது நடுவில்.

எழுத்து தேய்ந்திருந்தால் கண்மையை விரலால் தேய்த்து மேலே துடைத்துவிடுங்கள். குழியில் மட்டும் கருப்பு நிற்கும், பாத்திரம் கழுவும் சோப்பில் போய்விடும். தேய்த்துப் பளபளப்பாக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். அடி கறுத்ததும் நெளிந்ததும்தான் அந்த வீட்டின் அடையாளம்.

கொடுப்பவரிடம் பேர் வெளியே தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்பவர் சாமானைத் திருப்பி மாட்டினால் முடிந்தது.

பித்தளைச் சொம்பு:

பிட் மழுங்கியதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன், புதுச் சாமானில் வேறு எதற்காவது தேவைப்படும். எவர்சில்வர் உராய உராய இறுகும் உலோகம். வேகமாகச் சுற்றிவிட்டு லேசாக அழுத்தினால் பிட் வெட்டாமல் தேய்க்கும், தேய்த்த இடம் கல்லாகிவிடும், அதற்குப் பிறகு எந்தப் பிட்டும் இறங்காது. கோபால்ட் பிட், 800 முதல் 1,000 சுற்று வேகம், நல்ல அழுத்தம், ஒரு சொட்டு எண்ணெய். உள்ளே மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும்.

காந்தம் வைத்துத் தரம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காந்தம் இறுக ஒட்டினால் நிக்கல் இல்லாத வகை. ஒட்டாவிட்டால் 304 (நிக்கல் கூடிய நல்ல வகை) என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202-ம் ஒட்டாது. கடையில் மலிவாகக் கிடைப்பதில் அதுதான் அதிகம், மலை ஈரத்தில் பழுப்புப் புள்ளி விழுவதும் அதில்தான். பத்து நாளில் ஓட்டை விழாது, ஆனால் இரவல் சாமானைப் புள்ளியோடு திருப்பிக் கொடுத்தால் முகம் கோணும்.

புள்ளிக்கு முக்கால் காரணம் நம் கைதான். இரும்பு நாரில் தேய்த்தால் இரும்புத் துகள் ஒட்டி, அது துருப்பிடிக்கும். பிளீச்சிங் கரைசலில் உள்ள குளோரின் குழி பறிக்கும். உப்புக் கையோடு தொட்டதும் அப்படியே. வெந்நீர், சாதாரணப் பாத்திர சோப்பு, பருத்தித் துணியில் துடைப்பு. மாட்டும்போது துணிக் கையுறை. இரும்புக் கட்டுக்கம்பியை எங்கும் சேர்க்காதீர்கள்: ஈரத்தில் எவர்சில்வரோடு இரும்பு தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் முதலில் கரையும், பழுப்புத் தண்ணீர் டம்ளரில் வழியும்.

யாராவது பித்தளை கொடுத்தால் புளி, உப்புப் போட்டுத் தேய்த்ததை மூன்று தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். உப்பு மிச்சமிருந்தால் இரண்டே நாளில் பச்சைக் களிம்பு.

நீர் கோப்பது பற்றி. இரவில் தகரக் கூரை குளிர்ந்து கூடமே குளிர்கிறது, டம்ளர் 14 டிகிரிக்கு வந்துவிடுகிறது என்று வையுங்கள். காலையில் 18 டிகிரியில், 85 சதவீத ஈரத்தோடு வெளிக்காற்று உள்ளே வந்தால் அது 15 டிகிரிக்குக் கீழுள்ள எதன்மேலும் நீராகப் படியும். துடைத்துக்கொண்டே இருந்தாலும் டம்ளர் சூடேறும்வரை நிற்காது. கதவைச் சாத்தி வைத்து, விளக்கும் மின்விசிறியும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு திறங்கள். மிஸ்ட் இறங்கும்போது காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். கூடத்தைச் சூடாக்கக் கரி அடுப்பு வைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். மூடிய இடத்தில் கரிப்புகையால் உயிர் போவது மலையில் புதிதல்ல.

டம்ளரைவிடப் பெரிய தொல்லை கூரையின் உட்பக்கம். அங்கேயும் நீர் கோத்துச் சொட்டும். நாடாவுக்கு மேலே தார்ப்பாயை ஒரு பக்கம் சரிவாகக் கட்டி, ஓரத்தில் வாளி வைத்துவிடுங்கள்.

அடையாளச் சீட்டை ஒட்டாதீர்கள், பசை பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து எடுக்கலாம். நூலில் எண் அட்டை, நோட்டில் எண், வீடு, வெட்டியிருக்கும் வாசகம், எங்கே நெளிவு, ஒரு படம். 300-ஐயும் வாங்கும்போதே எழுத வேண்டும், பிறகு எழுதலாம் என்றால் கலந்துவிடும்.

மலைப்பூண்டு:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். தெர்மாமீட்டர் வேண்டாம். ஒன்றில் சுமார் 1 கிராம் பாதரசம் இருக்கும், நாற்பது என்றால் 40 கிராம், ஆள் நடமாடும் மூடிய கூடத்தில். பாதரசம் அறைச் சூட்டிலேயே ஆவியாகும், மணம் இல்லாததால் தெரியாது. எங்கள் ஊருக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடியது, மண்ணில் போன பாதரசத்தின் பேச்சு அதற்குப் பிறகும் ஓயவில்லை.

வாங்கி வைத்தது ஏதாவது உடைந்தால்: துடைப்பத்தால் கூட்டக் கூடாது, உருண்டை சிதறிப் பல மடங்காகும். வாக்வம் கிளீனரும் கூடாது. ஆளை வெளியேற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு, மோதிரம், வளையல் கழற்றி, கையுறை போட்டு, இரண்டு அட்டையால் ஒன்றுசேர்த்து, கொஞ்சம் தண்ணீர் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் விட்டு மூடிவிடுங்கள். அலுமினியச் சாமானில் ஏந்தாதீர்கள், பாதரசம் அலுமினியத்தை அரித்துவிடும். பழைய டியூப் லைட்டிலும் பாதரசம் உண்டு, அதையும் காட்சியில் சேர்க்காதீர்கள்.

மூடுபனி:

எல்லாருக்கும் நன்றி. தெர்மாமீட்டர் யோசனையை விட்டாயிற்று. மூன்று நாடாச் சட்டம், கூண்டு, கவிழ்த்த டம்ளர் என்று முடிவு. வெல்டிங் பொறி அண்ணா, சட்டத்துக்கு என்ன குழாய், விட்டத்தில் வளையத் திருகு போட்டால் போதுமா? வெள்ளைச் சுவர், விளக்கு எப்படி?

வெல்டிங் பொறி:

25 மி.மீ. சதுரக் குழாய், 18 கேஜ். சட்டத்துக்கு 20 அடி, ஐந்தரை கிலோ. 3 மி.மீ. வெல்டு மெஷ் 16 சதுர அடி, மூன்றேகால் கிலோ. 80 டம்ளர் ஆறரை, 20 மூடி ஒன்று, கம்பி, குழல் எல்லாம் ஒன்று. மொத்தம் 17 கிலோ. தண்ணீர், யாராவது பிடித்து இழுப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மடங்காக, 34 என்று வையுங்கள். நாலு புள்ளியில் கட்டினாலும் சட்டம் ஒருபோதும் நாலிலும் சமமாக உட்காராது, இரண்டுதான் சுமக்கும். புள்ளிக்கு 17 கிலோ, மூன்று மடங்குக்குச் சோதனை: ஒவ்வொரு புள்ளியிலும் 50 கிலோ சிமென்ட் மூட்டையை அரை மணி நேரம் தொங்கவிடுங்கள்.

வளையத் திருகு வேண்டாம். பழைய மரத்தில் வெளியே நன்றாக இருக்கும், உள்ளே செல் அரித்திருக்கும், நேர் கீழே இழுக்கும் திருகு பிடுங்கிக்கொண்டு வரும். 6 மி.மீ. சங்கிலியை விட்டத்தைச் சுற்றிப் போட்டு, மரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே சாக்குத் துண்டு மடித்து வைத்து, திருகுக் கொளுவியால் (திருகி மூடும் இரும்புக் கொக்கியால்) மூடுங்கள். கைமரத்திலோ ரீப்பரிலோ கட்டாதீர்கள், அவை தகரத்தைத் தாங்க மட்டும்தான்.

சங்கிலி 4 அடி, சட்டம் 8 அடி உயரத்தில் நிற்கும், கம்பிகள் 2½ முதல் 4 அடி. சட்டத்துக்கு மேட் கருப்பு அடியுங்கள், பளபளப்புக் கருப்பு விளக்கில் காட்டிக்கொடுக்கும். சட்டத்தை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு நடு வரிசையிலிருந்து வெளி வரிசைக்கு மாட்டிக்கொண்டு வாருங்கள். தரையில் எல்லாம் கட்டி மொத்தமாகத் தூக்கினால் 300 கம்பியும் சிக்கும். அதைப் பிரிக்க ஒரு நாள் போகும்.

வெள்ளைச் சுவர்:

விளக்கு ஒன்று போதும், கூடினால் இரண்டு. ஆறு விளக்கு போட்டால் ஆறு மங்கல் நிழல் விழும், எதுவும் நிற்காது. நாடாவை ஒரு சுவரிலிருந்து 5 அடி தள்ளி மாட்டுங்கள். எதிர்ப்பக்கம் 10 அடி தூரத்தில், தரையில் ஒரு பலகைக்குப் பின்னால், சின்ன முகமுள்ள 12 வாட் எல்.இ.டி. ஸ்பாட் ஒன்று, 3,000 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்). நிழல் ஒன்றரை மடங்காகச் சுவரில் ஏறும்: மூன்று அங்குல டம்ளருக்கு நாலரை அங்குல நிழல். பட்டையான பேனல் விளக்கு வைத்தால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். பார்க்க வருபவரின் நிழலும் டம்ளர்களுக்கு நடுவே விழும், அதைத் தடுக்காதீர்கள்.

பேரைப் படிக்க அந்த விளக்கு உதவாது, எவர்சில்வரில் நேர் வெளிச்சம் கண்ணைக் கூசும். நாடாவின் ஒரு தலைப்பில், 5 அடி உயரத்தில், நீளவாக்கில் உரசிக்கொண்டு போகும்படி இரண்டாவது விளக்கை மங்கலாக வையுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் வெட்டிய புள்ளிகள் எழும். டம்ளர் கவிழ்ந்திருப்பதால் எழுத்தெல்லாம் தலைகீழாகத்தான் இருக்கும். சிலர் கழுத்தை வளைத்துப் படிப்பார்கள், சிலர் டம்ளரைக் கையில் பிடித்துத் திருப்பப் பார்ப்பார்கள். இரண்டு கம்பி போட்டதை முறுக்கினாலும் விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடும், ஆனால் முள் நழுவலாம். வால் டியூப் துண்டுகள் கொஞ்சம் கூடுதலாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.